காவலைத் தூங்க வைத்தது யார்?

"எங்க அப்பாவுக்கு விஷம் வெச்சது என் தம்பி பொண்டாட்டிதான். நீங்க அதை நிரூபிச்சா மட்டும் போதும்."

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெய்லரம்மா இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. துணி வெட்டுவதுபோலச் சொன்னாள். அப்பாவைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தையல் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவள், இன்னும் வீடு திரும்பவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. உருண்டை முகம் சிவந்திருந்தது. ஊருக்கெல்லாம் பொருத்தமாகத் தைப்பவளின் சொந்தச் சட்டைக் கை மட்டும் தொளதொளவென்று ஆடியது.

எதிரே நின்ற அண்ணி தலையை ஆட்டினாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவுகளையும் போலித் தீ விபத்துகளையும் மோப்பம் பிடித்துப் பழகியவள், அந்த வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய இறங்கியிருந்தாள். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் உதவிக்கு வரும் கொழுந்தன் மூச்சுக்கு மூச்சு 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், தேடி வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கொழுந்தனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை வைத்து வந்த பெயர். பேட்டரி தீராத ரகம்.

"விஷம்னு டாக்டர் சொன்னாங்களா?" என்றாள் அண்ணி.

"அவங்க என்னமோ காளானுங்கறாங்க. நல்லா ஓடியாடிட்டு இருந்த மனுஷன் திடீர்னு தலைவலிங்கறார், ஆளை அடையாளம் தெரியாம உளர்றார். அவ சமைச்சுப் போடற வீட்டுலதானே இருந்தார்? சாயங்காலம் போலீஸுக்குப் போகப் போறேன்."

"அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

டாக்டரின் அறை, படுக்கக்கூட இடமில்லாத அளவுக்குச் சிறியது. நுரையீரல் படம் ஒன்றை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டர் திரும்பினாள். கண்ணைப் பார்த்தால் தூங்கி ரொம்ப நேரம் ஆகியிருக்கும் என்று தெரிந்தது.

"விஷம் இல்லை. பூஞ்சை. புறா எச்சம் காய்ஞ்சு தூசியாகுமில்ல, அதுல இருக்கும். மூச்சோட உள்ள போய் நுரையீரல்ல இறங்கும். இவருக்கு அங்கேருந்து மூளைக்குப் போயிருக்கு. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தோம், சந்தேகமே இல்லை."

"அப்ப புறாதான் குற்றவாளி" என்றான் ரேடியோ. "கைது பண்ணலாம். விலங்கு மாட்டத்தான் கை இல்லை."

டாக்டர் லேசாகச் சிரித்தாள். "அந்தத் தூசியை நீங்களும்தான் சுவாசிச்சிருப்பீங்க. உடம்புக்குள்ள காவல் செல்கள் இருக்கு. கண்டதும் விழுங்கி செரிச்சிடும். ஆனா இந்தப் பூஞ்சை லேசுப்பட்டதில்லை. கொழகொழன்னு தடியா ஒரு போர்வையைப் போத்திக்கும். காவலுக்கு ஆள் அடையாளமே தெரியாது. அப்படியும் தெரிஞ்சு விழுங்கினா, சாகறதில்லை. விழுங்கினவன் வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணிப் பெருகும். சில சமயம் அவனுக்கே தெரியாம வெளிய இறங்கிப் போயிடும்."

"போலீஸ் ஜீப்லயே ஏறி ஊர் சுத்தற திருடன்!"

"அந்த ஜீப்லயே மூளை வரைக்கும் போகும்னு வெச்சுக்குங்க."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இவ்வளவு வித்தையை எங்க கத்துக்கிச்சு?"

"மண்ணுலன்னு நினைக்கறோம். அங்க அமீபான்னு ஒரு குட்டி உயிர், பூஞ்சையைத் துரத்தித் துரத்தி விழுங்கும். யுகம் யுகமா அதுகிட்டத் தப்பிச்சுப் பிழைச்சதுதான் மிச்சம் நின்னுது. நம்ம காவல் செல்லும் அமீபா மாதிரியே விழுங்கற ஜாதி. அங்க செல்லுபடியான தந்திரம் இங்கயும் செல்லுது."

"அப்படின்னா நாம எல்லாரும் இந்நேரம் இந்த வார்டுலதானே படுத்திருக்கணும்?"

டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அதுதான் என் கேள்வியும். நல்ல உடம்புல பெரும்பாலும் காவல்தான் ஜெயிக்கும். எய்ட்ஸ், புற்றுநோய், உறுப்பு மாத்தினவங்க, இப்படிக் காவல் ஓய்ஞ்ச உடம்பைத்தான் இது சாய்க்கும். இவருக்கு எல்லாம் பார்த்தாச்சு. சுகர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இதுல இன்னொரு கண்டம். பூஞ்சைக்கான மருந்து ஏறிட்டிருக்கு. ஆனா இங்க வந்ததுலேருந்து ரத்த அழுத்தம் இறங்கிக்கிட்டே போகுது. எதுக்குன்னு பிடிபடலை. இப்படியே இறங்கினா பூஞ்சை அவரைக் கொல்ல வேண்டியதில்லை."

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டிருந்தாரா?"

"எதுவுமே சாப்பிடமாட்டார்னு பொண்ணும் சொல்றாங்க, மருமகளும் சொல்றாங்க. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்."

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "என்ன அண்ணி, புறாவைத் தேடி அவர் வீட்டு மொட்டை மாடிக்கா?"

"திருடன் யாருன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. காவல்காரனைத் தூங்க வெச்சது யாருங்கறதுதான் நம்ம வேலை. வண்டியை எடு."

* * *

நோயாளியின் வீட்டு வாசலில் தாமிரத் தட்டு மாட்டியிருந்தது: 'பேண்ட் மாஸ்டர்'. ஊரில் கல்யாணமோ ஊர்வலமோ எது நடந்தாலும், சிவப்புக் கோட்டும் தங்கப் பொத்தானுமாக ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருப்பது மாமனாரும் மருமகளும் மட்டும்.

கதவைத் திறந்த மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடையின் நீலச் சட்டை உடம்பில் இருந்தது. வேலைக்குப் போக மனமில்லாமல் பாதியில் நின்றிருக்கிறாள்.

"என்னைப் பிடிக்க வந்தவங்கதானே நீங்க?"

"பிடிக்கிறதா விடறதான்னு பார்க்க வந்தவங்க" என்றாள் அண்ணி. "மாமாவுக்கு முடியலைன்னு முதல்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இசைக் குறிப்பெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, கண்ணாடியை மாத்துன்னார். கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். கண்ணாடில ஒரு குறையும் இல்லை. அப்ப கோளாறு கண்ணுக்குப் பின்னாலன்னு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். வரமாட்டேன்னு ஒரே சண்டை. அதுக்கு எனக்குக் கிடைச்ச பேரு விஷக்காரி."

ரேடியோ அண்ணியின் காதைக் கடித்தான். "விஷம் வெச்சவ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாளா?"

"கெட்டிக்காரியா இருந்தா போவா. சும்மா இரு."

மாடிப்படி செங்குத்தாக ஏறியது. மேலே போனதும் ரேடியோ மூக்கைப் பொத்திக்கொண்டான். மொட்டை மாடி முழுக்கக் கூண்டுகள், சாம்பல் நிறப் புறாக்கள், ஓரமெல்லாம் காய்ந்து உதிரும் வெள்ளை. துடைப்பமும் சுரண்டியும் சுவரில் சாய்ந்திருந்தன.

"மாமாவோட புறா" என்றாள் மருமகள். "முழங்கால் வலியில நடுவுல மாடிப் பக்கமே வராம இருந்தார். யார் யாரோ வந்து தீனி போட்டாங்க. அப்புறம் ஒரு நாள் பார்த்தா சின்னப் பையன் மாதிரி தடதடன்னு ஏறறார். ராத்திரில தூக்கமில்லை. எப்பப் பாரு பசி. எல்லாத்துக்கும் கோபம். தினமும் இங்க வந்து சுரண்டிச் சுரண்டிப் பெருக்கினார்."

"முழங்கால் எப்படிச் சரியாச்சாம்?"

"கேட்டா, 'கலைஞனுக்கு வயசாகாது'ன்னு சிரிப்பார்."

கீழே, பேண்ட் மாஸ்டரின் அறைச் சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். கடைசிப் படத்தில் கன்னம் இரண்டும் பந்துபோல் இருந்தன. ரேடியோ தன் கன்னத்தையும் உப்பிக் காட்டினான். "ட்ரம்பெட் ஊதி ஊதி ஆளே பலூனாயிட்டார்."

"ஆயுசு முழுக்க ஊதறார். கன்னம் இப்பதானே உப்பியிருக்கு?" அண்ணி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பழசுல எல்லாம் தாடை எலும்பு தெரியுது பாரு. அந்தக் கோட்டை எடு."

அலமாரியில் தொங்கிய சிவப்புக் கோட்டை ரேடியோ தோளில் மாட்டிக்கொண்டு ஒரு சல்யூட் அடித்தான். அண்ணி சிரிக்கவில்லை. கோட்டைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள். புது நூல், பழைய துணியில் பளிச்சென்று தெரிந்தது.

"கழுத்தைப் பிரிச்சுப் பெரிசாக்கியிருக்கு. வயித்தையும். ஆனா கை ரெண்டையும் பிடிச்சுச் சின்னதாக்கியிருக்கு. ஒரு மனுஷன் ஒரே சமயத்துல பெருத்து, ஒரே சமயத்துல இளைப்பானா?"

"ரெண்டு பேருக்கு ஒரே கோட்டோ என்னவோ."

"இதை யார் தெச்சது?"

"அவர் பொண்ணுதான்" என்றாள் மருமகள். "கோட்டுல கை வெக்க வேற யாரையும் விடமாட்டார்."

அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ரேடியோ, உங்கம்மாவுக்கு ஆஸ்துமா முத்தினப்ப தினமும் ஒரு மாத்திரை போட்டாங்களே. முகம் எப்படி இருந்துச்சு?"

ரேடியோ விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான். "பௌர்ணமி மாதிரி. கையும் காலும் குச்சி. ஓயாம பசிங்கும். லேசா இடிச்சாக்கூட நீலமா கன்னிப்போகும்."

"மாமாவுக்கும் கையெல்லாம் நீலத் திட்டு" என்றாள் மருமகள். "ட்ரம்பெட் பெட்டி இடிச்சுதுன்னார்."

"ஸ்டீராய்டு!" என்றான் ரேடியோ.

"வலியையும் வீக்கத்தையும் அடக்கற மருந்து. காவல்காரனையும் அடக்கிடும். இன்னொண்ணு. அதைத் திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் உங்கம்மாகிட்ட எத்தனை தடவை சொன்னார்?" அண்ணி போனை எடுத்தாள். "இவர் ஆஸ்பத்திரில படுத்த அன்னிக்கே அது நின்னுபோச்சு."

விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் டாக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. "பொருந்துது. எல்லாமே பொருந்துது. வெளியிலேருந்து வந்துட்டே இருந்தா உடம்பு தன் பங்கைச் சுரக்கறதை நிறுத்திடும். திடீர்னு நின்னா ரத்த அழுத்தம் விழுந்துடும். ஆனா ஊகத்துல என்னால ஊசி போட முடியாது. அந்த மருந்தை அள்ளிக் குடுத்தா பூஞ்சைக்கு விருந்து. குடுக்காம விட்டா இவர் போயிடுவார். ரத்தத்தை வெளியில அனுப்பிப் பார்க்க அவகாசமில்லை. அவர் சாப்பிட்டது அதுதான்னு ஏதாவது ஒரு அத்தாட்சி கொண்டு வாங்க. சீக்கிரம்."

மூவரும் அறையைத் தலைகீழாக்கினார்கள். மெத்தை, மேசை, குளியலறை அலமாரி. ஒரு தலைவலி மாத்திரைகூடக் கிடைக்கவில்லை.

"மறைக்கணும்னு நினைக்கிறவர்" என்றாள் அண்ணி. "கால் போச்சுன்னு தெரிஞ்சா முன்னால நடக்கற இடத்தை வேற ஒருத்தனுக்குக் குடுத்துடுவாங்க. வேற யார் கையும் படாத சாமான் எது?"

மருமகளும் ரேடியோவும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த ட்ரம்பெட் பெட்டியைப் பார்த்தார்கள்.

வெல்வெட் குழிக்குள் ட்ரம்பெட் பளபளத்தது. எண்ணெய் வைக்கும் சின்ன அறையில் எண்ணெய் இல்லை. ஒரு தகர டப்பா. உள்ளே பழுப்புப் பொடி. மேலே ஒட்டியிருந்த படத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய கிழவர் ஒருவர் வேலியைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்து: 'தாவும் தாத்தா. முழுக்க முழுக்கப் பச்சிலை.'

"இந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும்" என்றான் ரேடியோ. "நான் முடி வெட்டிக்கற கடைக்கு எதிர்க் கடை. போர்டுல ஆள் உயரத்துக்குத் தாவிட்டிருப்பார்."

* * *

கடையில் சாம்பிராணியும் சுக்கும் கலந்த மணம். கல்லாவுக்குப் பின்னால் நெற்றி நிறைய பக்தியோடு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ நொண்டிக்கொண்டே நுழைந்தான். "ஐயா, முழங்கால்! மாடிப்படியைப் பார்த்தாலே கண்ணுல தண்ணி வருது."

"எந்தக் கால் தம்பி?"

ரேடியோ வலது காலைக் காட்டினான். நொண்டியது இடது கால். அண்ணி அவன் விலாவில் இடித்தாள்.

"ரெண்டும்தான் ஐயா. மாறி மாறி வலிக்கும்."

"கவலையே படாதீங்க. நம்ம தாத்தா பொடி இருக்கு. ஒரு வாரத்துல ஓடுவீங்க." கடைக்காரர் எழுந்தார். எழும்போது இரண்டு கையையும் கல்லாவில் ஊன்றி, "அம்மாடி" என்று முனகி, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல் நடந்து அலமாரிக்குப் போனார்.

அண்ணி அந்த நடையைக் கண் கொட்டாமல் பார்த்தாள். "உங்களுக்கும் முழங்காலா ஐயா?"

"வயசாச்சில்லம்மா."

"தாத்தா பொடி சாப்பிடறதில்லையா?"

கடைக்காரரின் கை டப்பாவின் மேல் நின்றது. "எனக்கு ஒத்துக்காதும்மா."

"பச்சிலைதானே? இவன் பயப்படறான். நீங்க முதல்ல ஒரு ஸ்பூன் வாயில போட்டுக் காட்டுங்க. அப்புறம் நாங்க வாங்கிக்கறோம்."

"எனக்கு வேண்டாம்மா. எனக்கு சுகர் இருக்கு."

"பொடி இனிக்குமா?"

"சேச்சே, கசக்கும். ஆனா இதைச் சாப்பிட்டா சுகர் ஏறும்."

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று கடைக்காரருக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் நெற்றியில் வியர்வை பூத்தது.

"எந்தப் பச்சிலை ஐயா சுகரை ஏத்தும்?" என்றாள் அண்ணி மெதுவாக.

ரேடியோ நொண்டலை மறந்து இரண்டே எட்டில் பின்கட்டுக்குள் பாய்ந்துவிட்டான். மிக்சி ஜாரின் ஓரத்தில் வெள்ளைத் தூள். பக்கத்தில் குப்பைக் கூடை நிறைய, மாத்திரை பிதுக்கி எடுத்த காலி அட்டைகள். ஓர் அட்டையோடு வெளியே வந்து பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

அண்ணி அதை டாக்டரிடம் போனில் சொன்னாள். "டெக்சாமெதசோன்" என்று டாக்டர் முழுப் பெயரையும் முடித்தாள். "ஸ்டீராய்டுதான். ஒரு ஸ்பூனுக்கு எத்தனை மாத்திரை போடறாராம்?"

அண்ணி போனைக் கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "அளவெல்லாம் இல்லைம்மா. கைக்கு வந்தது. ஜனங்களுக்கு வலி போகுது, வாழ்த்திட்டுப் போறாங்க. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலை..."

"கேட்டேன்" என்றாள் டாக்டர். "போதும். உடம்புக்கு இல்லாமப் போனதை மட்டும் அளந்து குடுக்கறேன்." போன் வைக்கப்பட்டது.

அண்ணி அடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியை அழைத்து விலாசம் சொன்னாள். பிறகு கேட்டாள். "பேண்ட் மாஸ்டருக்கு எவ்வளவு நாளா குடுக்கறீங்க?"

"பேண்ட் மாஸ்டர்னு யாரும் இங்க வர்றதில்லைம்மா."

"வயசானவர். ட்ரம்பெட் ஊதுவார்."

"ஓ, டெய்லரம்மாவோட அப்பாவா? அவர் வந்ததே இல்லை. அந்தம்மாதான் வாங்கிட்டுப் போகும். கழுத்துல நாடாவைக்கூடக் கழட்டாம ஓடி வரும். எப்பவும் ரெண்டு டப்பா."

ரேடியோவின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. "அண்ணி! நம்ம கட்சிக்காரங்க! விஷம் வெச்சது அவதான்னு ஊரைக் கூட்டினவங்களே..."

அண்ணியின் முகத்தில் அந்த முதல் ஆச்சரியம் தங்கவில்லை. வேறு ஏதோ ஒன்று அவளை உலுக்கிவிட்டது. "ரெண்டு டப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வாசலுக்கு நடந்தாள். "நீ இங்கயே இரு. அதிகாரி வர்ற வரைக்கும் இவர் நகரக் கூடாது. பொடி கேட்டு யார் வந்தாலும், திடீர்னு நிறுத்தாதீங்க, டப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பு."

"நீங்க?"

"நம்ம கட்சிக்காரங்களைப் பார்க்கப் போறேன். நேரமில்லை."

* * *

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு டாக்டரே வெளியே வந்தாள். "ஊசி போட்டாச்சு. அழுத்தம் ஏற ஆரம்பிச்சிருக்கு. பூஞ்சையோட சண்டை இன்னும் நீளமா இருக்கு. ஆனா இனி சண்டை போட ஆள் இருக்கார்."

பெஞ்சில் டெய்லரம்மா. நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், சுவரோடு சுவராக மருமகள். நடுவே யாரும் உட்காராத நாற்காலிகள்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டாள் டெய்லரம்மா. "அவதானே?"

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, தகர டப்பாவை அவள் மடியில் வைத்தாள். தாத்தா தாவிக்கொண்டிருந்தார்.

"இதுல ஸ்டீராய்டு அரைச்சுக் கலந்திருக்கு. வலியை அடக்கிச்சு. அப்பாவோட உடம்புக் காவலையும் அடக்கிச்சு. வலி போனதால அவர் மாடி ஏறினார். காவல் இல்லாததால மாடித் தூசியில இருந்தது உள்ள புகுந்து மூளை வரைக்கும் போச்சு. டாக்டர் கேட்டப்ப இதை ஏன்மா சொல்லலை?"

டெய்லரம்மா டப்பாவைப் பார்த்தாள்.

"மருந்து ஏதாவது சாப்பிட்டாரான்னு கேட்டாங்க. இது மருந்தில்லையே. பச்சிலைதானே?" டப்பாவை மடியில் திருப்பினாள். "ஊர்வலத்துல எல்லாருக்கும் முன்னால நடக்கணும்னு சொல்லிச் சொல்லி அழுதார். நான்தான் கொண்டு வந்து குடுத்தேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னார். நல்லாத்தானே நடந்தார்... கோட்டைப் பிரிச்சுத் தெச்சப்பக்கூட, அவ சரியா சோறு போடாமதான் கை இளைச்சுப்போச்சுன்னு நினைச்சேன்." தலையை உயர்த்தினாள். "நானே எங்கப்பாவை..."

"இருங்க. அழறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாவது டப்பா யாருக்கு?"

அண்ணி அவள் சட்டைக் கையைத் தொட்டாள். துணிக்குள் கை ஒரு குச்சிபோல் தட்டுப்பட்டது.

"நாள் முழுக்க மெஷின் மிதிக்கற கால். உங்களுக்கும் முழங்கால் வலிதானே? டப்பா எங்க?"

"கடையில. அப்பாவைச் சேர்த்ததிலேருந்து கடைப்பக்கமே போகலை."

"அப்ப நீங்களும் நிறுத்திட்டீங்க."

"தலை சுத்திட்டே இருக்கு. சாப்பிடாததுன்னு நினைச்சேன். அழுததால இருக்கும்னு..." சொல்லிக்கொண்டே எழுந்தவளின் முழங்கால் மடிந்தது. அளவு நாடா கழுத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அவள் விழவில்லை. அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்த மருமகள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டாள்.

"விடு என்னை" என்றாள் டெய்லரம்மா. கண்ணிலிருந்து இப்போதுதான் நீர் வழிந்தது. "உன்னைப்போய் என்னென்ன சொல்லிட்டேன். உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"சொன்னது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கேன் அக்கா. அதுக்குன்னு ஒரு நாள் உட்கார்ந்து நல்லா சண்டை போடறேன். இப்ப என்மேல சாஞ்சுக்குங்க. டாக்டர்! இங்க வாங்க, இவங்களும்தான்!"

டாக்டர் ஒரே பார்வையில் முகத்தையும் கையையும் அளந்தாள். சக்கர நாற்காலி வந்தது. நாத்தனாரை மருமகளே தள்ளிக்கொண்டு போனாள். கதவு மூடும்போதும் அந்தக் கை அந்தத் தோளை விடவில்லை.

அண்ணியின் போன் அடித்தது.

"அண்ணி, அதிகாரி வந்து மிக்சியைத் தூக்கிட்டார். ஆனா ஜனம் வந்துட்டே இருக்கு. சொன்னபடி எல்லாரையும் அங்க அனுப்பிட்டேன். எல்லாம் வட்ட வட்ட முகம் அண்ணி, பார்க்கவே..." ரேடியோ நிறுத்தினான். அவன் தானாக நிறுத்துவது அபூர்வம். "கடைக்காரர் தரையில உட்கார்ந்து அழறார்."

"பிடிபட்டா அழத்தான் செய்வாங்க."

"அதுக்கில்லை அண்ணி. கடைசியா ஒரு பாட்டியம்மா டப்பாவோட வந்தாங்க. அவரோட அம்மா. அவருக்குத் தெரியாம அலமாரியிலேருந்து எடுத்து எடுத்துச் சாப்பிட்டிருக்காங்க. அவங்களையும் வண்டி ஏத்திவிட்டிருக்கேன். மெதுவாச் சொல்லுங்க."

அவசரப் பிரிவு வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நின்றன. உருண்டை முகங்கள் இறங்கின. ஒல்லிக் கைகளில் தகர டப்பாக்கள். படுக்கை எத்தனை காலி என்று டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நர்சுகள் ஓடினார்கள்.

கடைசி வண்டியிலிருந்து ஒரு பாட்டியம்மா யார் கையையும் பிடிக்காமல் விறுவிறுவென்று இறங்கினாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே அண்ணியிடம் வந்தாள்.

"இந்தப் பொடியைப் பத்தி யாரோ தப்பாச் சொல்றாங்களாமே? நல்ல பொடிம்மா இது. என் பையன் தன் கையாலயே அரைக்கறது."

பொய்ச் சாவு, போலித் தீ என்று எத்தனையோ பேரைக் கேள்வியால் மடக்கியவள் அண்ணி. பாட்டியம்மாவின் கையை மெல்லப் பற்றிக்கொண்டாள். லேசாகப் பற்றியதற்கே தோலில் நீலம் படர்ந்தது.

"உள்ள வாங்கம்மா" என்றாள். "நானும் கூட வரேன்."